கோவில்பட்டிப் பதிப்பு

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைப் பற்றி அச்சில் ஏற்றுவதற்கு முன் அவரிடம் மெய்ப்பு காட்டி ஒப்புதல் பெறுவது முறை. இவரிடம் காட்டியிருந்தால் ஒப்புதல் வந்திருக்காது, திருத்தம் வந்திருக்கும். அதைத் திருத்திக் காட்டினால் திருத்தத்துக்கு ஒரு திருத்தம். கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடித்துக்கொண்டிருந்த அக்கா என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்குப் போதும். மற்றவர்கள் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்கள்?

அவர் வாயில் ஓயாமல் புழங்கிய சொல் 'பதிப்பு'. தோசை கருகினால், "இது முதல் பதிப்பு, அடுத்தது பாரு" என்பார். மகனுக்குத் தொட்டிலில் ஒரு பெயரை வைத்தவர், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வேறொன்றைக் கொடுத்தார்.

"முதப் பேரு அவசரத்துல வச்சது தம்பி. புள்ள மொகத்துக்குப் பொருந்தல."

அப்படி மாற்றுவதற்கு விண்ணப்பித்து, அரசிதழில் வெளியிட வேண்டும் என்று நான் விதியைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா! அரசாங்கமே மறுபதிப்புக்கு இடம் வச்சிருக்கு!"

ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு மயில் படம் போட்ட லேபிள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் பார்த்த மயில் திடீரென்று வலது பக்கம் பார்த்தது. அடுத்த லோடில் தோகை விரிந்தது. அதற்கடுத்த லோடில் தோகை சுருங்கி, காலடியில் ஒரு குஞ்சு முளைத்தது. கடைக்காரர்கள் இது போலிச் சரக்கு என்று பெட்டிகளைத் திருப்பி அனுப்ப, கம்பெனி முதலாளி அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"அக்கா, மயிலு தலைய ஏன் திருப்புனீங்க?"

"எத்தன வருசமா ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிக்கி. அதுக்குக் கழுத்து வலிக்காதா?"

சண்டை போட்டாலும் இதே கதைதான். நான் அப்போது பாடநூல் தேர்வுக் குழுவின் அலுவலகத்தில் உதவியாளர். தினமும் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். ஒருநாள் அவர் கொடுத்த மனுவில் இணைப்பு இல்லையென்று வாங்க மறுத்தேன். "நீ ஒரு கல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் நிறுத்தத்தில் காத்திருக்கிறார்.

"தம்பி, காலையில சொன்னதுல ஒரு திருத்தம். ஒன்னையக் கல்லுன்னு சொன்னது தப்பு. கல்லு மழை பேஞ்சா நனையும்."

அந்த மனுதான் நான் சொல்லவந்த விஷயம்.

அவர் தூத்துக்குடியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தவர். ஆங்கில வகுப்பில் விக்டோரியா மகாராணி காலத்து நெடும்பாட்டு ஒன்று பாடமாக இருந்தது. கதைப்பாட்டு. அந்தக் காலத்தில் அங்கே அதைப் படிக்காத வீடு கிடையாதாம். இன்று தலைப்பைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்களே விழிப்பார்கள். கதை இதுதான்: ஆற்றுப் பாலத்தில் சுங்கம் வசூலிக்கிற ஒருவனுக்கு ஒரு மகள். ஒரு புயல் நாளில் வெள்ளம் பாலத்தை அசைக்கிறது. அவள் காதலன் வரும் குதிரைவண்டி அக்கரையில் சத்தம் கேட்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. அவள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு, வண்டியை நிறுத்துவதற்காகப் பாலத்தின் மேல் ஓடுகிறாள். (சுங்கச்சாவடிக்காரர்களிலும் இரக்கமுள்ள ஒரு குடும்பம் இருந்தது என்பதற்கு இலக்கியச் சான்று. நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் கவனிக்கவும்.)

பாலம் ஆடத் தொடங்கிய பக்கத்தில் வகுப்பு நின்றிருந்தது. மறுநாள் விடுதி வாசலில் ஊரிலிருந்து கார் வந்து நின்றது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஊர் எப்போதும்வென்றான்.

"ஊருப் பேரக் கேட்டதுமே எதுத்துப் பேசிப் பிரயோசனம் இல்லன்னு விட்டுட்டேன்" என்பார்.

புத்தகம் விடுதித் தோழியுடையது. அதனால் பாலத்தின் மேல் ஓடிய பெண் அக்காவின் மனதில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தாள். முதல் பிரசவம் முடிந்து ஒரு கல்யாண வீட்டில் தோழியைப் பார்த்தபோது நலம்கூட விசாரிக்காமல், "ஏட்டி, அந்தப் பிள்ள என்ன ஆனா?" என்று கேட்டிருக்கிறார். "முங்கிட்டா" என்றாள் தோழி. அக்கா பந்தியிலேயே அழுதுவிட்டார். பெண் வீட்டார் தங்களுக்கு ஏதோ அபசகுனம் என்று பயந்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து ஆங்கில ஆசிரியையை ரயில் நிலையத்தில் பிடித்தார். "அவளுக்கும் அவனுக்கும் கல்யாணம் ஆகிவிடுமே" என்றார் ஆசிரியை. மிஷன் பள்ளியில் இருந்த ஒரு வயதான பாதிரியாரோ, "அவள் பிழைத்தாள், அவன்தான் ஆற்றோடு போனான்" என்றார்.

"மூணு பேருல ரெண்டு பேரு புளுகுதாங்கன்னு நெனச்சேன் தம்பி. மூணு பேரும் நெசத்தத்தான் சொல்லியிருக்காங்க. புஸ்தகந்தான் வேற வேற!"

அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் அந்தப் பாட்டின் பதிப்புகளைத் தேட ஆரம்பித்தார். மூடப்பட்ட மிஷன் பங்களா ஏலம், மதுரை நடைபாதைக் கடை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களின் பரண் என்று எங்கும் விடவில்லை. லேபிள் மை காய்வதற்காகத் தொங்கும் தாள்களுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, டிரெடில் அச்சு மிஷின்களின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, அந்தப் பதிப்புகளின் வரலாற்றைப் பக்கத்து வீட்டுச் சங்கதியைப் போலச் சொல்வார்.

முதல் பதிப்பில் பெண் சாகிறாள். நாடே அழுதது. அழுதுவிட்டுப் போயிருக்கலாம். கவிஞர் தெருவில் நடந்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். மனிதர் பயந்துபோய் இரண்டாம் பதிப்பில் அவள் கைக்கு ஒரு மரக்கிளையைக் கொடுத்துக் கரையேற்றினார். ஆனால் அந்தக் காலத்துக் கதைப்பாட்டில் யாராவது ஒருவர் சாவது விதி. எனவே காதலன் போனான். மூன்றாவது, ஓரத்தில் பொன்முலாம் பூசிய பரிசுப் பதிப்பு. கல்யாண வீடுகளில் கொடுப்பது. அதில் ஒருவரும் சாகவில்லை. பாலம்கூட விழவில்லை. பிறகு கவிஞர் இறந்துபோக, அவர் மனைவி ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார். 'என் கணவர் உண்மையில் விரும்பிய வடிவம் இதுவே' என்று முன்னுரை. அதில் பெண் மறுபடி மூழ்கினாள். முன்னைவிடக் கூடுதலாக எட்டு வரிகள் மூழ்கினாள்.

"பொண்டாட்டிக்குத் தெரியாதா தம்பி அந்தப் பிள்ள யாருன்னு?" என்று அக்கா கண்ணைச் சிமிட்டுவார்.

அதற்குப் பிறகு பாட்டு கப்பலேறி இங்கே வந்து சென்னைப் பள்ளிப் பதிப்பு ஆனது. பாட்டு கொஞ்சம், அருஞ்சொற்பொருள் மிச்சம். முத்தம் வருகிற இடத்தில் கை குலுக்கிக்கொண்டார்கள். அதனால் இயைபு கெட்டு அடுத்த வரி ஒற்றைக்காலில் நின்றது. பாலம் ஆடும்போது கை குலுக்குகிற காதலர்களை நினைத்து அக்கா சிரிக்க ஆரம்பித்தால், மிஷின் ஓட்டுகிறவர்கள் நிறுத்திவிட்டு வந்து தண்ணீர் கொடுப்பார்கள்.

வெள்ளம் வருகிற வரிகள் அவருக்கு மனப்பாடம். எங்கள் கரிசலில் வெள்ளம் என்பது பாடத்தில் வருவதுதான். மேகம் கருத்தால் அக்கா தெருவில் நின்று வானத்தைப் பார்த்து அந்த வரிகளை ஆங்கிலத்தில் முழங்குவார். மேகம் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போய்விடும்.

கடைசியில் அவரே ஒரு பதிப்பு போடத் துணிந்தார். தனக்கு ஆனது மாதிரி இனி ஒரு பெண்ணுக்கும் பாலத்து நடுவில் புத்தகம் நின்றுவிடக் கூடாது, இந்த வறண்ட சீமையில் கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகள் கையில் முழுப்பாட்டும் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் எனக்குச் சொன்ன ஆசை அது ஒன்றுதான். கல்லூரிகளுக்குத் துணைப்பாடமாக அனுமதி கிடைத்தால் அது நடக்கும். அனுமதி எங்கள் குழுவின் கையில் இருந்தது. இணைப்பு இல்லையென்று நான் வாங்க மறுத்தது அதற்கான மனுவைத்தான்.

அனுமதி வாங்கிவிட்டு அச்சடிப்பது முறை. அக்கா அச்சடித்துவிட்டு வந்தார்.

"சோத்த வடிச்சிட்டுத்தான தம்பி சாப்பிடக் கூப்பிடணும்?"

அச்சகத்தில் கூரை வரை கட்டுகள். நல்ல கனமான தாள். ஒன்றை எடுத்துப் புரட்டினேன். பாலம் ஆடுகிறது, பெண் ஓடுகிறாள், அடுத்த பக்கத்தில் 'முதல் முடிவு'. அது தீர்ந்ததும் 'இரண்டாம் முடிவு'. இப்படியே நான்கு முடிவுகளும் வரிசையாக நின்றன.

குழுத் தலைவராக இருந்த பேராசிரியர் நல்ல மனிதர். பரிசீலனைப் பிரதியை முழுவதும் படித்தார், அதுவே அபூர்வம். என்னைக் கூப்பிட்டு, "அழகாக இருக்கிறது. ஆனால் 'அவள் என்ன ஆனாள்?' என்று வினாத்தாளில் கேட்டால் விடைக்குறிப்பில் என்ன எழுதுவது? நீந்தினவளுக்கும் மார்க், மூழ்கினவளுக்கும் மார்க் என்றா? ஏதாவது ஒரு முடிவை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற பக்கங்களை எடுத்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அனுமதி உண்டு" என்றார்.

அந்தப் படிவத்தை நான் உறக்கத்தில்கூட ஒப்பிப்பேன். 'இந்நூலின் பாடம் இறுதியானது, இனி மாற்றத்துக்கு உட்படாதது எனச் சான்றளிக்கிறேன்.' கீழே கையெழுத்து, முத்திரை.

அச்சகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"இறுதின்னா போட்டிருக்கு?"

"ஆமாக்கா. வழக்கமான வாசகந்தான். எல்லாரும் போடுதாங்க."

"அந்த மனுசன் சாகுத மட்டும் முடிக்கல. செத்த பெறகு பொண்டாட்டியும் விடல. மெட்ராசுக்காரன் வேற கைய வச்சான். கோவில்பட்டியில ஒக்காந்துகிட்டு இறுதின்னு முடிக்க நான் யாரு தம்பி?"

"ஒரு கையெழுத்துக்கா. எல்லாப் பிள்ளைகளும் படிக்கும். நீங்க ஆசைப்பட்டது அதுதான?"

"எந்த முடிவ எடுக்கச் சொல்லுத? கல்யாணத்த வச்சா முங்குனவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? முங்குனத வச்சா, கிளையப் பிடிச்சவ கைய நான் தட்டிவிட்ட மாதிரில்லா ஆகும்?"

இதற்கு விதிகளில் இடமில்லை என்றேன். அவர் பேனாவை வாங்கினார். போட்டுவிட்டார் என்று நான் மூச்சுவிட்டேன். அவர் 'இறுதியானது' என்ற சொல்லை நிதானமாக அடித்து, மேலே 'இப்போதைக்குச் சரியானது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அச்சக முத்திரையிலும் ஒரு மயில் உண்டு. அது இப்போது பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

குழு நிராகரித்தது. விதிப்படி அது சரி. கோப்பை நானே கட்டி வைத்தேன்.

இப்போது கூரை வரை புத்தகம். லேபிள் தாள் வைக்க இடமில்லை. அக்கா நான்கு நாள் பேசவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது, ஏனென்றால் அவர் பேசாமல் இருந்ததற்கு முன்மாதிரி கிடையாது. அந்த நேரம் பார்த்து ஊரில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி வந்தார். வெடிக்குக் குழல் சுருட்டப் பழைய தாள் வாங்குகிறவர். கட்டில் ஒரு தாளை உருவி, விரலில் சுண்டிப் பார்த்தார்.

"தாளு நல்ல மொடமொடப்பு. பாட்டு வெல போகலன்னு கேள்விப்பட்டேன். எனக்குத் தந்துருங்கக்கா. தீபாவளிக்குச் சரம் சுத்திருதேன்."

நான் அவர் காலை மிதித்தேன். அக்கா முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி," என்றார் அக்கா மெதுவாக, "சரம் வெடிச்சா உள்ள இருக்க தாளு என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? தெருவெல்லாம் பறக்கும்."

"எரியுமா?"

"ஓரம் கருகும். மத்தபடி துண்டு துண்டாக் கெடக்கும்."

"துண்டுல எழுத்து தெரியுமா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் மயில் தோகை விரித்துவிட்டது.

அன்று மத்தியானமே அச்சகத்தின் பின்கட்டில் ஒரு வெடியைச் சுற்றி வெடித்துப் பார்த்தார்கள். மெய்ப்பு வெடி. அக்கா துண்டுகளைப் பொறுக்கி வெயிலில் பிடித்துப் படித்தார். "சுத்து ரொம்ப எறுக்கம் அண்ணாச்சி. ஒரு வரி முழுசா நிக்கல. இன்னும் கொஞ்சம் தொளதொளன்னு சுத்துங்க." இரண்டாவது வெடியில் எழுத்து நின்றது, சத்தம் வரவில்லை. மூன்றாவதில் இரண்டும் வந்தன. என் பணிக்காலத்தில் நான் பார்த்த எந்தக் குழுவும் ஒரு நூலை இவ்வளவு கவனமாகப் பரிசீலித்ததில்லை.

பிறகு பங்கீடு. முதல் முடிவு சரவெடிக்கு. கிளையைப் பிடித்துப் பிழைக்கிற இரண்டாம் முடிவு தரைச்சக்கரத்துக்கு, அவள் சுழலில் சுற்றுவதால். கல்யாண முடிவு புஸ்வாணத்துக்கு. "அதுதான் வெடிக்காது, பூவா கொட்டும். தாளும் முழுசா நிக்கும்" என்று காரணம் சொன்னார். மனைவியின் பதிப்பு எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார்.

"இது என்ன கேள்வி? அணுகுண்டுக்குத்தான்!"

தீபாவளி விடிந்தபோது ஊர் முழுக்கப் பாட்டு கிடந்தது. எண்ணெய்த் தலையோடு கல்லூரிப் பெண்கள் வாசலில் குனிந்து எதையோ பொறுக்கிப் படிப்பதை முதலில் நான் பார்த்தேன். கடைவீதிக்காரர்கள் சரம் சரமாக வெடிக்கிறவர்கள், அங்கே பெண் மூழ்கியிருந்தாள். சத்தத்துக்குப் பயந்து புஸ்வாணம் வைத்த தெருக்களில் கல்யாணம் நடந்திருந்தது. பத்து மணிக்கு டீக்கடை முன்னால் இரண்டு தெருப் பெண்களுக்கும் வாக்குவாதம்.

"எங்க தெருவுல செத்துட்டா."

"போடி, எங்க தெருவுல மோதிரம் மாத்தியாச்சு. இந்தா பாரு, வரி இருக்கு!"

"யாரு செத்தது? எப்ப எடுக்காங்க?" என்று டீக்கடைக்காரர் பதறினார்.

அக்கா புதுச் சேலையில் தெருத் தெருவாக நடந்தார். ஒன்றையும் பொறுக்கவில்லை, படிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே போனார். என் வாசலுக்கு வந்ததும், "தம்பி, புஸ்தகம் வெளிவந்துட்டு!" என்றார்.

விடுமுறை முடிந்ததும் பெண்கள் அச்சகத்துக்கு வர ஆரம்பித்தார்கள். நாகலாபுரத்துப் பஸ்ஸில் வந்தவர்கள், பசுவந்தனையிலிருந்து வந்தவர்கள். "அக்கா, அவ இருக்காளா இல்லையா?" என்பது ஒன்றே கேள்வி. மறுபதிப்புக்கு மூலம் வேண்டாமா என்று அக்கா சில கட்டுகளை எடுத்து வைத்திருந்தார். லேபிள் கட்டுகளின் மேல் உட்கார்ந்து ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். நான்கு முடிவும் முடிந்தபின் பசுவந்தனைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"ஏங்க்கா, வண்டிய நிறுத்ததுக்குப் பாலத்து மேல எதுக்கு ஏறணும்? கரையில நின்னு லாந்தரு விளக்க ஆட்டுனா அவனுக்குத் தெரியாதா?"

ஒரு சாம்ராஜ்யமே கண்ணீர் விட்ட பாட்டு. கவிஞர், மனைவி, பொன்முலாம் பூசினவர், சென்னை உரைகாரர் யாருக்கும் தோன்றவில்லை. அக்கா அந்தப் பெண்ணின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். கை குலுக்கவில்லை. அன்று சாயங்காலமே இருவருமாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரி கட்டி, ஒரு துண்டுத் தாளில் அச்சடித்து, மிச்சமிருந்த புத்தகங்களின் கடைசியில் ஒட்டினார்கள். தலைப்பு: 'ஐந்தாம் முடிவு, பசுவந்தனைப் பாடம்.' இலக்கணம் கொஞ்சம் உதைத்தது. ஆனால் அந்த முடிவில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், பாலம் மட்டும் போயிற்று.

அக்கா போன ஆண்டு போய்விட்டார். ஆஃப்செட் போட்டு அச்சகத்தை நடத்துகிற மகன் (இரண்டாம் பெயர்க்காரன்) துக்க நோட்டீஸின் மெய்ப்பை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். வாசகம் வழக்கமானதுதான். 'இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு இல்லத்திலிருந்து புறப்படும்.' நான் ஒரு திருத்தம் போட்டு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"மாமா, ஊர்வலத்துக்கு முன்னால இறுதி விட்டுப்போச்சே?"

"விட்டுப்போகலப்பா. எடுத்திருக்கேன்."

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் கேட்டது. அப்படியே அச்சடித்தான்.

நான்கு மணிக்குக் கூட்டம் தெருவை அடைத்தது. ஏதோ கோயில் ஊர்வலம் என்று பூக்கூடையோடு வந்தவர்கள்கூட விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போகவில்லை. முன்னால் வேட்டுப் போட்டுக்கொண்டே போனார்கள். பட்டாசு அண்ணாச்சி பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். கையில் நோட்டீஸ். அதைக் கண்ணருகே கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, மறுபடி அருகே கொண்டுவந்தார்.

"எல்லாத்துலயும் இறுதின்னுல்லா போடுவாக. இதுல காணுமே. அப்போ அவியளுக்கு இன்னும் ஒண்ணு இருக்கோ?"

"இருந்தாலும் இருக்கும் அண்ணாச்சி," என்றேன். "அவிய விசயத்துல நான் சான்று குடுக்க முடியாது."

தெருமுனையில் ஒரு சரம் வெடித்தது. துண்டுத் தாள்கள் எழும்பி எங்கள் மேல் விழுந்தன. அண்ணாச்சி தன் சட்டைமேல் விழுந்த ஒன்றை எடுத்து, வெயிலில் பிடித்து, படிக்க ஆரம்பித்தார்.